ஞாயிற்றுக்கிழமைப் பச்சைப் புள்ளிகள்

போசரித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்களுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. மின்சாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதற்காக யாரோ எப்போதோ செய்த ஏற்பாடு. இருபது வருடமாக என் வாரமும் அதன்படிதான் ஓடுகிறது. கல்யாணம், காதுகுத்து, சொசைட்டிக் கூட்டம் என்று எல்லா நல்ல காரியமும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். அன்று நான் கியர்ச் சக்கரங்களை அளந்துகொண்டிருப்பேன். வியாழக்கிழமை நான் நிக்டியில் இருக்கும் எங்கள் வீட்டில் லுங்கியோடு காலை நீட்டி உட்காரும்போது, மகளின் பள்ளி அல்லாத வேறொரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் என் மனைவி ஏழு மணிக்கே கிளம்பியிருப்பாள். மகளை எழுப்பி, சாப்பிட வைத்து, பள்ளி வேனில் ஏற்றிவிடுவது அன்று மட்டும் என் பொறுப்பு. நான் செய்த தப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வேலை தரப் பரிசோதனை. ஒரு பாகம் சரியா தப்பா என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். அதையே இருபது வருடம் செய்தால் மனிதனுக்கு ஒரு திமிர் வந்துவிடும். அளக்க முடிந்தால் அது இருக்கிறது, அளக்க முடியாவிட்டால் அது இல்லை என்று மனது முடிவு கட்டிவிடும். சாம்பாரில் உப்பு குறைவு என்று மனைவி சொன்னால்கூட "எவ்வளவு குறைச்சல்?" என்று கேட்கிற ஆள் நான். அவள் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

மகளுக்கு வயிற்று வலி வந்தது ஆறாம் வகுப்பு மழைக்காலத்தில். நான்கு நாள் காய்ச்சல், வாந்தி, பிறகு சரியாகிவிட்டது. காய்ச்சல் போய் இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "போட்டாத் துக்தய்" என்றாள். வயிறு வலிக்கிறது என்பதற்கு மராத்தி. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவசரத்துக்கு முதலில் மராத்தி வரும், பிறகு எங்களுக்காக அதைத் தமிழாக்கிச் சொல்வாள். "வலி ஆகுதுப்பா."

அன்று சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். மறுவாரம் மறுபடி வந்தது. அதற்கடுத்த வாரம் மூன்று முறை. ஏழாம் வகுப்புக்குப் போனபோது வலியும் கூடவே வந்தது.

பார்க்காத பரிசோதனை இல்லை. ரத்தம், சிறுநீர், மலம், இரண்டு முறை ஸ்கேன். ஒவ்வொரு தாளிலும் எல்லா எண்களும் எல்லைக்குள் கச்சிதமாக இருந்தன. முதல் முறை 'நார்மல்' என்று பார்த்தபோது எனக்கு உயிர் திரும்பி வந்தது. இரண்டாம் முறை நிம்மதி. மூன்றாம் முறை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எரிச்சல். எங்கள் தொழிற்சாலையில் வாடிக்கையாளர் குறை சொல்லித் திருப்பி அனுப்பும் பாகத்தை அளந்து பார்ப்போம். எல்லா அளவும் சரியாக இருந்தால் 'குறை காணப்படவில்லை' என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவோம். குறை அவர்கள் கையில்தான் என்று அர்த்தம். மூன்றாவது ஸ்கேன் தேவையில்லை என்று குடும்ப டாக்டர் சொன்ன அன்று, என் மனதுக்குள் நான் என் மகளுக்கு அந்தச் சீட்டை ஒட்டிவிட்டேன்.

மனைவி ஒட்டவில்லை. "வலிக்குதுன்னு சொல்லுதுங்க புள்ள. அப்ப வலிக்குது. அவ்வளவுதான்."

"ஆதாரம் வேணாமா?"

"புள்ளையோட மூஞ்சியப் பாருங்க, ஆதாரம் தெரியும்."

நான் மூஞ்சியைப் பார்க்கவில்லை. கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்து ஒரு சார்ட் தயாரித்தேன். மேலே தேதி, கிழமை. கீழே வலித்த நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, முந்தின வேளை என்ன சாப்பிட்டாள். வலி வந்த நாளுக்குச் சிவப்புப் புள்ளி, வராத நாளுக்குப் பச்சைப் புள்ளி. ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். தினமும் மாலை வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே "இன்னிக்கு?" என்று கேட்பேன். பெரும்பாலும் மனைவிதான் பதில் சொல்வாள்; அதற்கேற்ற நிறத்தில் புள்ளி வைப்பேன். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, மறைப்பானேன்.

பள்ளிக் கையேட்டையும் என் கையில் எடுத்துக்கொண்டேன். அதில் விடுப்புக் குறிப்புக்கென்று ஒரு பக்கம் உண்டு: தேதி, காரணம், பெற்றோர் கையெழுத்து. அதுவரை மனைவிதான் எழுதிக்கொண்டிருந்தாள். 'வயிற்று வலி' என்று ஒரே வார்த்தை. எனக்கு அது பொறுக்கவில்லை. நிரூபிக்கப்படாத ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் தொழிலில் குற்றம். அதனால் வீட்டில் இருக்கும் வியாழக்கிழமைகளில், அவள் பள்ளிக்குப் போகாதபோது, நானே ஆங்கிலத்தில் எழுதினேன்: 'காரணம் இதுவரை கண்டறியப்படவில்லை. பரிசோதனைகள் அனைத்தும் நார்மல்.' அழகான கையெழுத்தில், தேதியோடு. நேர்மையாக எழுதியிருக்கிறோம் என்று பெருமை வேறு.

கையேட்டை அவள்தானே பையில் வைத்துக் கொண்டுபோகிறாள், அவளுக்கும் படிக்கத் தெரியும் என்பது ஏனோ எனக்கு உறைக்கவில்லை.

பத்து வாரத்தில் தாள் நிறைந்தது. சார்ட்டை எடுத்து மேஜையில் விரித்தேன். நான் வீட்டில் இருக்கும் வியாழக்கிழமை வரிசை முழுக்கச் சிவப்பு. மற்ற நாட்கள் கலந்து கலந்து. ஞாயிற்றுக்கிழமை வரிசை மட்டும் மேலிருந்து கீழே பச்சை. ஒரு சிவப்புக்கூட இல்லை. எனக்குள் இருந்த பரிசோதகன் துள்ளிக் குதித்தான். விடுமுறை நாளில் வலி இல்லை. பள்ளி நாளில் வலி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டு கேட்டேன். "சன்டே மட்டும் உன் வயித்துக்கு லீவு போலருக்கே?"

அவள் சார்ட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்படியே மென்று முழுங்கிவிட்டு உள்ளே போனாள். நான் அதைக் குட்டு வெளிப்பட்ட மௌனம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பை என் முகத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டும் போல இருக்கிறது.

அதற்கு அடுத்த மாதம் லேஜிம் விவகாரம் வந்தது. லேஜிம் என்பது மரக்கைப்பிடியில் இரும்புச் சங்கிலியும் தகடுகளும் கோத்த ஒரு கருவி. குனிந்து நிமிர்ந்து ஆட்டினால் ஜல்ஜல்லென்று சத்தம் வரும். இங்கே பள்ளிகளில் அணி அணியாக நின்று ஆடுவார்கள். என் மகளுக்கு அதென்றால் உயிர். விளையாட்டு விழா அணியில் முதல் வரிசையில் இடம் கிடைத்திருந்தது. வீட்டில் லேஜிம் இல்லாததால் சப்பாத்திக் கட்டையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஹாலில் ஆடுவாள். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை புகார் சொல்லியும் நிறுத்தவில்லை. வலி வந்த நாட்களில்கூடப் பயிற்சி இருந்தால் எப்படியாவது பள்ளிக்குப் போய்விடுவாள். சாயங்காலம் சுருண்டு படுப்பாள். இதெல்லாம் என் கண்ணெதிரேதான் நடந்தது. ஆனால் சார்ட்டில் லேஜிமுக்குக் கட்டம் இல்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. மகளுக்கு வலி அதிகம், வந்து கூட்டிப்போங்கள் என்றார்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். அலுவலக அறை பெஞ்சில் மடிமேல் பையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அது வலியால் வந்த அழுகை இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"என்னம்மா?"

"லேஜிம்லேர்ந்து எடுத்துட்டாங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேரே மைதானத்துக்குப் போய் விளையாட்டு ஆசிரியரைப் பிடித்தேன். நெட்டையான மனிதர், கழுத்தில் விசில். ஹிந்தியில் எடுத்த எடுப்பிலேயே கத்தினேன். உடம்பு சரியில்லாத பிள்ளையைத் தண்டிப்பது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, முதல் வரிசையில் நிற்கிறவள் அடிக்கடி வராமல் போனால் அணியே குலைகிறது என்றார். நிஜமாகவே உடம்புக்கு என்றால் காத்திருப்பேன் என்றும் சொன்னார். "ஆனால் சார், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே" என்றார். வகுப்பாசிரியை அவருக்குக் கையேட்டைக் காட்டியிருக்கிறார். என் அழகான கையெழுத்து. எல்லாம் நார்மல்.

மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் லேஜிம் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சிலிருந்து அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும்.

வழியில் ஸ்கூட்டரில் அவள் என் முதுகைப் பிடித்துக்கொள்ளவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மனைவி அன்று என்னோடு சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவளுடைய பள்ளியில் வேலை செய்யும் ஒருவர் சொல்லி, சிஞ்ச்வட்டில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளும் வந்தாள். "நீங்க அங்க வந்து பேச வேணாம். வேணும்னா உங்க சார்ட்டக் குடுங்க, போதும்" என்றாள்.

டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்த இடத்தை நான் மறக்க மாட்டேன். காய்ச்சலும் சளியுமாகக் கைக்குழந்தைகள் இருப்பார்கள் என்று நினைத்தேன். இருந்தவர்களில் முக்கால்வாசி பள்ளிச் சீருடையில் இருந்த பெரிய பிள்ளைகள். நெற்றியில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒரு பையன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண். பக்கத்தில் கையில் தடித்த கோப்புகளோடு அப்பா அம்மாக்கள். எனக்கு எதிரே இருந்தவர் தன் கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கோப்பைப் பார்த்தார். "எல்லாம் நார்மலா?" என்று மராத்தியில் கேட்டார். தலையாட்டினேன். "எங்களுக்கும்" என்றார். அவர் பையனுக்கு இரண்டு வருடமாகத் தலைவலியாம்.

டாக்டர் என் வயதுப் பெண்மணி. அறிக்கைகளைச் சீக்கிரம் புரட்டிவிட்டு மூடிவைத்தார். மகளைப் படுக்க வைத்து வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். பிறகு என் சார்ட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு அந்த நிலைமையிலும் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. பேசக் கூடாது என்று சொன்னதை மறந்து, "ஞாயிற்றுக்கிழமைகளைப் பாருங்கள்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்து மராத்தியில் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை வலிக்காதா?"

மகள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "வலிக்கும்."

"மற்ற நாள் மாதிரியேவா?"

"ஆமாம். அப்பா அன்று ஃபேக்டரிக்குப் போய்விடுவார். அம்மா காலையில் வீட்டில் ட்யூஷன் எடுப்பார். ஹால் முழுக்கப் பிள்ளைகள் இருப்பார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன்."

என் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைதானே, பிள்ளை பத்து மணிவரை தூங்கட்டும் என்று கதவைத் திறக்காமல் விட்டவள் அவள். மாலையில் நான் வந்து "இன்னிக்கு?" என்று கேட்டால் "ஒண்ணும் சொல்லலியே" என்பாள். நான் பச்சைப் புள்ளி வைப்பேன். சொல்லவில்லை என்பதை இல்லை என்று எழுதியிருக்கிறேன், பத்து வாரம்.

"ஏம்மா சொல்லல?" என்றேன். தமிழில், குரல் எனக்கே கேட்காத அளவுக்கு.

அவளும் தமிழுக்கு மாறினாள். "சன்டே சொல்லி என்னப்பா ஆகும்? ஸ்கூலே இல்ல, லீவு லெட்டர் எதுக்கு?"

"நான் சார்ட்டக் காட்டிக் கேட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அப்ப சொன்னா, சார்ட்டுக்காக இப்பப் பொய் சொல்றேன்னு சொல்லிருப்பீங்க."

ஆமாம், சொல்லியிருப்பேன். அதே சிரிப்போடு சொல்லியிருப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இது நடப்பதற்கு மூன்று வாரம் முன்பு எங்கள் தொழிற்சாலையில் ஒருவரை நான் எல்லோர் முன்னாலும் கிழித்திருந்தேன். மணிக்கு ஒரு முறை பாகத்தை அளந்து தாளில் குறிக்க வேண்டிய லைன் பரிசோதகர் அவர். என்னைவிட ஐந்தாறு வயதுதான் சின்னவர். மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் அளக்காமலேயே 'சரி, சரி' என்று போட்டு நிரப்பிவிட்டார். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. தப்பான பாகம் செய்தாலும் மன்னிப்பு உண்டு. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் கிடையாது. "பார்க்காமல் எழுதுகிற கை எதற்கு?" என்று கத்தினேன். அந்த வார்த்தை டாக்டர் அறையில் எனக்கே திரும்பி வந்தது. என்னுடைய எழுபது கட்டங்களில் பத்து, பார்க்காமல் எழுதியவை. அறைக்கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது நான் பச்சைப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. அறிக்கைகள் நார்மல் என்றால் குடலில் புண் இல்லை, கட்டி இல்லை என்றுதான் அர்த்தம், வலி இல்லை என்று அர்த்தமில்லை என்றார். காய்ச்சல் போன பிறகும் சில பிள்ளைகளுக்கு வயிற்றின் நரம்புகள் அடங்குவதில்லை. சின்ன அசைவைக்கூட மூளை பெரிய ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. "காரில் திருட்டு அலாரம் கெட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடன் இல்லை. ஆனால் சத்தம் பொய்யா?" என்று கேட்டார்.

மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. நேரத்துக்குத் தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, மூச்சுப் பயிற்சி, வெந்நீர்ப் பை. வலி இருந்தாலும் முடிந்த அளவு பள்ளி, முடிந்த அளவு விளையாட்டு. நாட்கள் ஆகும், குறையும், நடுவில் ஏறும், பயப்பட வேண்டாம் என்றார். கடைசியாக என்னைப் பார்த்து, தினமும் வலிக்கிறதா என்று கேட்பதை நிறுத்துங்கள் என்றார். அவளாக வந்து சொன்னால் நம்புங்கள். அவ்வளவுதான்.

"இது இவளுக்கு மட்டும்தானா?" என்று கேட்டேன். அசட்டுக் கேள்வி. அவர் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "வெளியே பார்த்தீர்கள்தானே. தலை, வயிறு, கால், முதுகு. இடம்தான் மாறுகிறது. எல்லோர் கையிலும் நார்மல் என்று ஒரு கோப்பு. தினமும் இப்படித்தான். வராதவர்கள் இன்னும் அதிகம், சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று வாயைத் திறக்காத பிள்ளைகள்."

அதன் பிறகு எனக்கு எங்கே பார்த்தாலும் இதே கதை காதில் விழுந்தது. முன்பும் விழுந்திருக்கும், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லிஃப்ட்டில் நான்காம் மாடி அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். யாரையோ பார்க்க இரண்டாம் மாடியில் இறங்க வேண்டியவர் அதை விட்டுவிட்டு என்னோடு கீழே வரைக்கும் வந்தார். பெரிய பெண்ணுக்குத் தலைவலி, ஒன்றரை வருடம், மாமியார் அதை மொபைல் நோய் என்கிறாராம். ஒரே கட்டடம், ஒரே லிஃப்ட், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு பிள்ளை படுத்திருக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் ஒரே குறை இத்தனை இடத்திலிருந்து வந்தால் அன்றைக்கே கேட்டைச் சாத்தி எல்லோரையும் நிற்க வைத்து விசாரிப்போம். 'வாடிக்கையாளர் நடிக்கிறார்' என்று ஒருவரும் எழுத மாட்டோம். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் எத்தனை சுலபமாக எழுதிவிடுகிறோம்!

கேன்டீனில் அந்த லைன் பரிசோதகர் எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் தட்டை நகர்த்திக்கொண்டார், பயந்து. என் பெண்ணுக்கு வயிற்று வலி என்று ஆரம்பித்தேன். அவர் கையிலிருந்த சப்பாத்தியைத் தட்டில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு மதியம் அவர் பையனின் பள்ளியிலிருந்து ஐந்து முறை போன் வந்ததாம். கால் வலி, நடக்க முடியவில்லை, வந்து கூட்டிப்போங்கள் என்று. ஷிப்டை விட்டுப் போக முடியாமல், போனில் யார் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் அந்த இரண்டு மணி நேரமும் போனது. "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே சார்" என்றார்.

அன்று மாலை ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து சார்ட்டை எடுத்தேன். கிழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிகள் பத்தையும் பேனாவால் அடித்து, பக்கத்தில் 'பார்க்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தப்பான பதிவை அழிக்கக் கூடாது, அடித்துத் திருத்த வேண்டும் என்பது எங்கள் விதி. மகள் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையேட்டிலும் அதையே செய்தேன். என் பழைய குறிப்புகள் ஒவ்வொன்றையும் ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'வயிற்று வலி' என்று எழுதினேன். என் மனைவி முதலில் எழுதிய அதே வார்த்தை. டாக்டர் கொடுத்த கடிதத்தோடு பள்ளிக்குப் போய் விளையாட்டு ஆசிரியரிடம் நீட்டினேன். தப்பு என்னுடையது, பிள்ளையுடையது இல்லை என்றேன். அவர் இரண்டையும் படித்தார். முதல் வரிசை இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டது, அவளிடமிருந்து பிடுங்க முடியாது என்றார். அது சரிதான். கடைசி வரிசையில் நிற்கட்டும், வலி வந்தால் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வரட்டும், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார்.

விளையாட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றும் நான் வேலையில். மனைவி வீடியோ அனுப்பினாள். கடைசி வரிசையில் எல்லோருடைய தலைக்கும் பின்னால் அவளுடைய இரட்டைப் பின்னல் மட்டும் மேலும் கீழும் தெரிந்தது. நடுவில் கொஞ்ச நேரம் காணவில்லை. பிறகு மறுபடி தெரிந்தது. கேன்டீனில் அதை அந்தப் பரிசோதகரிடம் காட்டினேன். இரண்டு பேரும் மூன்று முறை பார்த்தோம்.

வலி போய்விட்டதா என்று கேட்பவர்களிடம் இல்லை என்றுதான் சொல்கிறேன். குறைந்திருக்கிறது. சில வாரம் வருவதே இல்லை. பரீட்சை நேரத்தில் ஏறுகிறது. ஆனால் அதைவிட எனக்குப் பெரிய பிரச்சினை ஒன்று பாக்கி இருந்தது. தினமும் கேட்காதே என்று டாக்டர் சொன்னபடி நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவளாக வந்து சொன்னால் நம்பு என்றார். அவள் வரவே இல்லை. அம்மாவிடம் சொல்வாள். நான் வீட்டில் இருக்கும் வியாழக்கிழமையில்கூட, அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்வாள். நான் அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னிடம் வராதே என்று நான்தானே எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

மேலதிகாரியிடம் பேசி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டேன். பதிலுக்கு ஒரு வியாழக்கிழமை பராமரிப்பு வேலைக்கு வருகிறேன் என்றேன். இருபது வருடத்தில் இப்படிக் கேட்டதில்லை என்பதால் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது மாதம், ஹாலில் ட்யூஷன் பிள்ளைகள் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். மகளின் அறைக்கதவு திறந்தது. ஹாலைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மாவைத் தாண்டித்தான் வந்தாள். அம்மா போர்டில் எழுதிக்கொண்டிருந்தாள், கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். மகள் கூப்பிடவில்லை.

சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, போட்டாத் துக்தய்."

பள்ளி இல்லாத நாள். லேஜிம் இல்லாத நாள். கையேட்டில் எழுத வேண்டியது ஒன்றுமில்லை, என்னிடம் சொல்வதால் அவளுக்குக் கிடைக்கப்போவதும் ஒன்றுமில்லை.

எத்தனை நேரமாக, எந்தப் பக்கம், எவ்வளவு என்று இருபது வருடக் கேள்விகள் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. வாயை மூடிக்கொண்டேன். ஸ்டூலை விட்டு எழுந்து அதில் அவளை உட்கார வைத்தேன். வெந்நீர்ப் பைக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் குனிந்து என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.